வராத கமிஷன்: இணையச் சூதாட்டத் தரகும் சட்டத்தின் கதவும்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலைச்சாலையில் ஏறிக் கோட்டைவாசலைக் கடந்தால் ஆரியங்காவு. தென்காசிக்காரர்களும், சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களும் மலையேறிப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்கி வருவது வெகுநாள் பழக்கம். மலைக்கு அந்தப் பக்கம் லாட்டரியை அரசே நடத்துகிறது. இந்தப் பக்கம் அதே சீட்டை விற்பது 2003 ஜனவரி முதல் குற்றம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைக்காரர்களுக்கு, ஒரே செயல் எல்லைக்கு ஒரு பக்கம் தொழிலாகவும் மறுபக்கம் குற்றமாகவும் இருப்பது அன்றாட அனுபவம்.

இன்று அந்த எல்லையைக் கைப்பேசி இல்லாமல் ஆக்கிவிட்டது. சூதாட்டம் நடத்துகிறவர் எங்கோ ஒரு தீவில் பதிவு செய்திருக்கிறார். அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர் தென்காசியிலோ கடையநல்லூரிலோ ஆலங்குளத்திலோ இருக்கலாம். கையில் ஒரு ரெஃபரல் லிங்க், ஒரு ப்ரோமோ கோடு, ஒரு டெலிகிராம் குரூப். சேர்த்துவிட்ட ஆட்கள் விளையாடத் தோற்கத் தோற்க, மாதக் கடைசியில் கமிஷன் வரவேண்டும். அது வராமல் போனால் யாரிடம் கேட்பது?

உலகம் முழுவதும் இணையக் காசினோக்களுக்கும் அவற்றுக்கு ஆள் சேர்க்கும் அஃபிலியேட்டுகளுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் தகராறு இதுதான். நம் ஊர் இளைஞர்களைப் பொறுத்தவரை என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தை எந்த இந்திய நீதிமன்றமும் வாங்கித் தராது, தரவும் கூடாது. அதற்காக, ஏமாந்தவரைக் கைவிட்டு ஏமாற்றியவரைத் தப்பவிடும் இன்றைய நிலையை நியாயம் என்று ஏற்கவும் முடியாது.

தரகின் கணக்கு

சீசனில் குற்றாலத்துக்கு வரும் குடும்பத்தை ஒருவர் விடுதிக்கு அழைத்துச் செல்கிறார் என்று வையுங்கள். அறை பதிவானதும் விடுதிக்காரர் கையிலேயே தரகு கொடுத்துவிடுவார். வந்தவர்கள் எத்தனை பேர், வாடகை எவ்வளவு என்பது இருவர் கண்முன்னே நடந்தது. அன்று மாலைக்குள் கணக்கு முடிந்துவிடும்.

காசினோவின் தரகு இதிலிருந்து இரண்டு இடங்களில் மாறுகிறது. முதலாவது, வருமானம் ஆள் வந்ததால் வருவதில்லை. வந்தவர் தோற்பதால் வருகிறது. புதிதாகப் பணம் கட்டும் ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரும் முறையும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலின் முதுகெலும்பு, ஆடுபவர்கள் தோற்ற பணத்தில் பங்கு தரும் முறைதான். இரண்டாவது, கணக்குப் புத்தகம் ஒரே ஒரு தரப்பிடம் இருக்கிறது. யார் எவ்வளவு கட்டினார், எவ்வளவு தோற்றார் என்பது காசினோவின் கணினிக்கு மட்டுமே தெரியும். ஆள் சேர்த்தவர் பார்ப்பது அவர்கள் காட்டும் திரையை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் லிங்க் வழியே பத்துப் பேர் சேர்கிறார்கள். அந்த மாதம் ஒன்பது பேர் சேர்ந்து 60,000 ரூபாய் தோற்கிறார்கள். ஒருவர் 45,000 ரூபாய் ஜெயிக்கிறார். மிச்சம் 15,000. அதில் போனஸ் என்று 4,000 கழிகிறது. நிர்வாகச் செலவு என்று 20 சதவீதம், அதாவது 3,000 கழிகிறது. மீதி 8,000. அதில் 30 சதவீதப் பங்கு 2,400 ரூபாய். ஊரில் ஒன்பது வீடுகளிலிருந்து 60,000 ரூபாய் போயிருக்கிறது. அதற்கு வழிகாட்டியவருக்கு 2,400.

அடுத்த மாதம் அதே ஆள் 90,000 ஜெயித்து, மற்றவர்கள் 50,000 தோற்றால் கணக்கு 40,000 பள்ளத்தில் விழுகிறது. பல ஒப்பந்தங்களில் இந்தப் பள்ளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படும். அதை நிரப்பும்வரை கமிஷன் கிடையாது. அப்போது ஆள் சேர்த்தவருக்கு ஒரே வழிதான் தெரியும்: இன்னும் ஆள் சேர்ப்பது, தோற்கக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்ப்பது. நண்பர்களின் தோல்விக்காக ஒருவரைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு இது. பணத் தகராறுக்கு முன்பே இதிலுள்ள கேடு இதுதான்.

தகராறு எங்கே முளைக்கிறது

அஃபிலியேட்டுகளின் புகார்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். சேர்த்துவிட்ட ஆட்களில் சிலரைக் கணக்கில் காட்டாமல் விடுவது ஒன்று. ஒப்பந்த விதிகளை நடுவில் மாற்றி, பழைய ஆட்களுக்கும் புதிய குறைந்த பங்கையே தருவது இன்னொன்று. மாதம் இத்தனை புதிய ஆள் சேர்க்காவிட்டால் பழைய ஆட்களின் பங்கும் போகும் என்ற விதி மற்றொன்று. குறைந்தபட்சத் தொகை சேரும்வரை பணம் கிடையாது என்பார்கள். தொகை சேரும் நேரத்தில் ‘போலி ஆட்கள்’, ‘சொந்தக் கணக்கில் விளையாட்டு’ என்று காரணம் சொல்லிக் கணக்கை மூடுவார்கள். நிறுவனம் கைமாறிப் பெயர் மாறி, பழைய பாக்கிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பதும் நடக்கும்.

இவற்றில் எது ஏமாற்று, எது உண்மையிலேயே போலிக் கணக்குகளுக்கு எதிரான நடவடிக்கை என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆள் சேர்ப்பவர்களில் போலிக் கணக்கு தொடங்கி ஏமாற்றுபவர்களும் உண்டு. சான்று முழுவதும் ஒரு தரப்பிடம் இருப்பதால், நியாயம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்.

லாட்டரி சொல்லித்தந்த பாடம்

தரகுக்கு உத்தரவாதம் எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதைத் தென்காசி எல்லையின் இரண்டு வகை லாட்டரிகளும் தெளிவாகக் காட்டுகின்றன.

கேரள அரசு 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. சீட்டு விலை, பரிசு, ஏஜெண்டின் பங்கு எல்லாம் விதியில் உள்ளவை. பரிசுத் தொகையில் ஒரு பங்கு சீட்டை விற்ற ஏஜெண்டுக்கு. 2023 திருவோணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாறில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. பரிசு பெற்றவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர். அந்தச் சீட்டைத் தமிழ்நாட்டுக்குக் கடத்திக் கள்ளத்தனமாக விற்றார்கள் என்று புகார் எழுந்தது. கேரள லாட்டரித் துறை விசாரித்த பிறகுதான் பணம் கைக்கு வந்தது. சீட்டு எந்த மண்ணில் கைமாறியது என்பதையொட்டியே 25 கோடி ரூபாயின் கதி நின்றது.

2021இல் ஆலுவா அருகே ஒரு பெண் விற்பனையாளர், தொலைபேசியில் எண்ணைச் சொல்லி ‘எடுத்து வையுங்கள், பணம் பிறகு தருகிறேன்’ என்று ஒருவர் கேட்ட 200 ரூபாய்ச் சீட்டைத் தன்னிடமே வைத்திருந்தார். அதற்கு 6 கோடி விழுந்தது. பணம் கைமாறவில்லை, சீட்டும் அவர் கையில்தான். ஆனாலும் வாங்கியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண்ணின் நேர்மை பெரியது. அந்த நேர்மைக்கு ஏஜெண்டுக்குரிய பங்கும் உண்டு என்று சொல்லும் விதியும் அங்கே இருந்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம் நடப்பது ‘மூணு நம்பர்’. திருவனந்தபுரத்தில் பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல் முடிவு வந்ததும், அதன் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துப் பந்தயம். சீட்டு கிடையாது. துண்டுத் தாளில் ஓர் எண், அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு வரி. எழுதுபவருக்குக் கமிஷன், அவருக்கு மேல் ஒருவர், அவருக்கும் மேல் ஒருவர். பெரிய தொகை விழுந்த நாளில் மேலே உள்ளவர் தொலைபேசியை அணைத்துவிட்டால், ஜெயித்தவர் பிடிப்பது எழுதியவரின் சட்டையைத்தான். எழுதியவர் காவல் நிலையத்துக்குப் போக முடியாது. போனால் அவர்தான் முதல் குற்றவாளி. போலீஸ் வந்தாலும் சிக்குவது துண்டுத் தாளோடு நிற்பவர். இணையக் காசினோவின் அஃபிலியேட் இதே ஏணியின் கீழ்ப்படியில் நிற்கிறார். மேல்படி மட்டும் கடல் கடந்து போயிருக்கிறது.

1872இலிருந்து 1959வரை

பந்தயப் பணத்தை நீதிமன்றம் வாங்கித் தராது என்பது இந்தியாவில் பழைய சட்டம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்கிறது. அதற்கும் முன்பு, 1870இலேயே, அனுமதி இல்லாத லாட்டரிக்கு விளம்பரம் வெளியிடுவதும் இந்திய தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பந்தயத்துக்கு ஆள் கூப்பிடுவதைத் தனிக் குற்றமாகப் பார்க்கும் பார்வை நமக்கு 150 ஆண்டுப் பழையது.

ஆனால் பந்தயம் செல்லாது என்றால் அதையொட்டிய தரகும் செல்லாதா? இங்கிலாந்தில் 1884இல் ரீட் எதிர் ஆண்டர்சன் வழக்கில், பந்தயம் கட்டிய முகவர் தன் முதலாளியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பானது. அந்த ஓட்டையை 1892இல் தனிச் சட்டம் போட்டு அடைத்தார்கள். கமிஷனும் கேட்க முடியாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். பம்பாய் மாகாணம் 1865இலேயே அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் இல்லை.

அதனால் இந்தியாவின் பெரும்பகுதிக்கு இந்தக் கேள்வி திறந்தே கிடந்தது. 1959இல் கெருலால் பரக் எதிர் மகாதேவ்தாஸ் மையா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விடை சொன்னது. கோதுமை விலையை வைத்துச் சூதாடக் கூட்டு சேர்ந்த இருவருக்கு நட்டம் வந்தது. முழு நட்டத்தையும் கட்டிய ஒருவர், மற்றவரிடம் பாதியைக் கேட்டார். தீர்ப்பை எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சுப்பா ராவ். பந்தய ஒப்பந்தம் செல்லாதது, ஆனால் சட்டம் தடுத்த செயல் அல்ல. ஆகவே அதையொட்டிய கூட்டு ஒப்பந்தம் செல்லும் என்றார் அவர். பாதியைக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

இந்தத் தீர்ப்பை மேலோட்டமாகப் படிக்கிறவர், காசினோக் கமிஷனையும் இப்படிக் கேட்கலாமே என்று நினைக்கக்கூடும். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1957இல், ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் அதே நீதிமன்றம் சூதாட்டத்தை அரசியலமைப்பு காக்கும் தொழிலாகக் கருத முடியாது என்று சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிலை தெளிவாகிறது. சூதாட்டத்துக்குத் தொழில் உரிமை இல்லை. ஆனால் சட்டம் ஒரு செயலைக் குற்றமாக்காதவரை அதையொட்டிய பாக்கியைக் கேட்க வழி உண்டு. அந்த வழி திறந்திருப்பதும் மூடுவதும் ‘குற்றமா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியில் இருக்கிறது.

2023இல் மூடிய கதவு

தமிழ்நாடு அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2021 பிப்ரவரியில் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் அவசரச் சட்டமும் மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. இணையச் சூதாட்டம் நடத்துவதோடு அதற்கு விளம்பரம் செய்வதும் இதில் குற்றம். விளம்பரத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பர் 9 தீர்ப்பில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, சட்டத்தை நிலைநிறுத்தியது. ரூலெட், ஸ்லாட் போன்ற காசினோ ஆட்டங்கள் மீதான தடை அப்படியே நிற்கிறது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுத்தது. விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்றது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கே என்ன முடிவு வந்தாலும், ரூலெட்டைத் திறமை விளையாட்டு என்று யாரும் வாதிட முடியாது. மாநிலச் சட்டம் அதற்குப் போதும்.

ஆக, டெலிகிராமில் காசினோ லிங்க் போடுவதே குற்றமாகும் அபாயம் உள்ளபோது, அந்த லிங்க்குக்கான கூலி எப்படி நியாயமான கடனாகும்? ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோக்கம் சட்டவிரோதமானால் ஒப்பந்தமே செல்லாது என்கிறது. கமிஷன் பாக்கி என்று தென்காசி நீதிமன்றத்தில் மனுப் போடுபவர் முதல் பத்தியிலேயே தன் குற்றத்தைத் தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தீவிலும் கதவில்லை

காசினோ பதிவான நாட்டிலேயே வழக்குத் தொடுக்கலாமா? கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவு, பல ஆண்டுகள் சில தலைமை உரிமங்களின் கீழ் எண்ணற்ற துணை உரிமங்களை விட்டு வைத்திருந்தது. 2024 டிசம்பரில்தான் புதிய சட்டம் வந்து அந்த முறை முடிந்தது. ஐரோப்பாவின் மால்டா, தன் உரிமம் பெற்ற சூதாட்ட நிறுவனங்கள் மீதான வெளிநாட்டுத் தீர்ப்புகளைத் தன் நீதிமன்றங்கள் மறுக்கும்படி 2023இல் சட்டமே இயற்றியது. ஐரோப்பிய நாட்டுத் தீர்ப்புக்கே அங்கே அந்தக் கதி என்றால், நம் ஊர் இளைஞரின் மனுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உள்நாட்டிலேயே நடந்த மகாதேவ் சூதாட்டச் செயலி வழக்கு இந்த ஏணியின் உருவத்தைக் காட்டியது. தலைமை ஐக்கிய அரபு அமீரகத்தில். இந்தியாவில் ‘பேனல்’ என்ற கிளைகளை நடத்தியவர்களோடு 70-30 என்று லாபப் பங்கு என்கிறது அமலாக்கத் துறை. விசாரணை தொடங்கியபோது கதவைத் தட்டும் சத்தத்தை முதலில் கேட்டவர்கள் இங்கே இருந்தவர்கள்தான்.

கமிஷன் வந்தாலும் நிம்மதி இல்லை. தடைசெய்த தொழிலின் பணம் நிறுவனத்தின் பெயரில் வருவதில்லை. முன்பின் தெரியாத தனிநபர்களின் கணக்குகளிலிருந்து யுபிஐ வழியே வருகிறது. அவற்றில் பல வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஏதோ ஒரு மாநிலத்தில் ஏமாந்த ஒருவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தில் உள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக முடங்கும். 2,400 ரூபாய் கமிஷனுக்காக, அப்பாவின் ஓய்வூதியமோ அம்மாவின் பீடிக் கூலியோ சேரும் கணக்கு முடங்கிப்போகலாம். வராத கமிஷனைவிட வந்த கமிஷன் பெரிய தொல்லையாவது இப்படித்தான்.

பொறுப்பு மேலே ஏற வேண்டும்

பிரிட்டனில் சூதாட்டம் சட்டப்படி நடக்கும் தொழில். அங்கே 2017இல் சில அஃபிலியேட்டுகள் செய்தி போலப் புனைந்த விளம்பரங்களை வெளியிட்டபோது, விளம்பரத் தர ஆணையம் பெரிய சூதாட்ட நிறுவனங்களையே பொறுப்பாக்கியது. தரகரின் செயலுக்கு உரிமம் பெற்றவரே பதில் சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதே ஆண்டு ஸ்கை பெட் நிறுவனம் தன் அஃபிலியேட் திட்டத்தையே மூடிவிட்டது. பொறுப்பு மேலே ஏறியதும் ஏணி தானாகச் சுருங்கியது.

நாம் சூதாட்டத்தை அனுமதிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டால் போதும். ஏமாந்த அஃபிலியேட்டிடம் லிங்க் கொடுத்தவரின் எண், பணம் வந்த கணக்கு, மாதக் கணக்குத் திரை எல்லாம் இருக்கின்றன. மேலே உள்ளவரைப் பிடிக்கக் காவல் துறைக்குக் கிடைக்கக்கூடிய முதல் சான்று அதுதான். பயத்தில் அவர் அதை அழித்துவிடுகிறார். சிறு தொகைக்கு ஆள் சேர்த்தவர் தானாக முன்வந்து தடயம் கொடுத்தால், அவரைச் சாட்சியாக நடத்தும் தெளிவான நடைமுறையை மாவட்ட சைபர் குற்றப் பிரிவுகள் அறிவிக்க வேண்டும். துண்டுத் தாளோடு நிற்பவரை மட்டும் பிடித்து ஓய்ந்துவிட்டதால்தான் மூணு நம்பர் இன்னும் ஒழியவில்லை. அதே தவறை இணையத்திலும் செய்யக் கூடாது.

இந்த வேலையில் இறங்கியிருக்கும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. உங்களுக்கு வரவேண்டிய கமிஷன் வராது. சட்டமும் வாங்கித் தராது. அது உங்கள் தெருவில் இருப்பவர்கள் தோற்ற பணம் என்பதால் அது வராமல் போனதற்கு வருந்தவும் வேண்டாம். குரூப்பை மூடுங்கள், லிங்க்கை எடுத்துவிடுங்கள், கையில் உள்ள தடயங்களை அழிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி, அவர் துணையோடு சைபர் குற்றப் பிரிவுக்குப் போங்கள்.